மின்சாரச் சரக்கு வண்டி நள்ளிரவில் சார்ஜ் ஏறாமல் நின்றுவிடுகிறது: வைத்துக்கொள்வதா, விற்பதா?

மண்டபம் மீன் வண்டி:
பழைய டீசல் குட்டியானையைக் கொடுத்துவிட்டு எட்டு மாதங்களுக்கு முன் மின்சாரச் சரக்கு வண்டி வாங்கினேன். ராமநாதபுரம் மீன் சந்தைக்குப் போக வர சுமார் 80 கிலோமீட்டர். டீசலுக்கு நாளொன்றுக்கு 550 ரூபாய் போன இடத்தில் இப்போது மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முழுப் பாரத்தோடு கிளம்பும்போது இழுவையும் அபாரம்.

ஆனால் இரவு 10 மணிக்குச் சார்ஜ் போட்டால் 12 மணிவாக்கில் தானாக நின்றுவிடுகிறது. சில நாள் தொடங்குவதே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. போன வாரம் கிளம்ப முடியாமல், ஏலத்தில் எடுத்த நகரை மீன் ஐஸ் உருகிக் கெட்டுப்போனது. இன்னொன்று: 110 கிலோமீட்டர் ஓடிய வண்டி ஆனி பிறந்ததிலிருந்து 80-க்கே திணறுகிறது. விற்றுவிடலாமா?

உச்சிப்புளி மின்பணியாளர்:
அவசரப்படாதீர்கள் தம்பி. கோளாறு வண்டியில் அல்ல, உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கலாம். இஸ்திரிப் பெட்டி போல அரை மணி நேர வேலை இல்லை இது. 15 ஆம்பியர் ஆறேழு மணி நேரம் விடாமல் ஓடும். உப்புக்காற்றில் சாக்கெட்டின் பித்தளைக் கவ்வி பச்சை பூத்துவிட்டால் அங்கே சூடேறும். பல சார்ஜர்கள் அந்தச் சூட்டை உணர்ந்து நிறுத்திக்கொள்ளும். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

தொடங்காமலே நின்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது; ஈரம் இருந்தாலோ இரும்புக் குழாயை உப்பு தின்றுவிடும். எர்த் இல்லையென்றால் பல சார்ஜர்கள் மின்சாரத்தை விடாது. அது உயிரைக் காக்கும் ஏற்பாடு. அதை ஏமாற்றக் குறுக்குவழி சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

கீழக்கரை ஓட்டுநர்:
தூரம் குறைவதற்குக் காரணம் கச்சான் காற்று. நீங்கள் பாரத்தோடு மேற்கே போகிறீர்கள், அது எதிரே வருகிறது. 30 கிலோமீட்டர் வேகக் காற்றில் 60-இல் போனால் வண்டிக்கு அது 90. வேகத்தை 45 ஆக்கினால் காற்றுத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பெட்டிகளைக் கூரைக்கு மேலே அடுக்கித் தார்ப்பாய் கட்டாதீர்கள். நிறுவனங்கள் சொல்லும் தூரம் சோதனைக்கூடக் கணக்கு. 2022-இல் அறிமுகமான டாடா ஏஸ் மின்வண்டிக்கு 21.3 கிலோவாட் மணி பேட்டரியில் 154 கிலோமீட்டர் என்றார்கள். எந்த வண்டியானாலும் கடற்கரைக் காற்றில் அந்தக் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

தொண்டி வியாபாரி:
எனக்கு வாரம் இருமுறை மண்டபத்திலிருந்து மதுரைக்குச் சரக்கு உண்டு, அதனால் டீசலை விடவில்லை. ஒருவழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வழியில் விரைவுச் சார்ஜுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றால் ஐஸ் யாருக்காகக் காத்திருக்கும்? உங்கள் 80 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மின்வண்டியே சரி.

மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் விழாதபடி குழாய் வைத்து வெளியே விடுங்கள். தினமும் நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுங்கள். மின் இணைப்புகளின் மேல் மட்டும் அழுத்த நீர் பீய்ச்ச வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வைத்து, வாரம் ஒருமுறை வண்டியை ஓட்டுங்கள். சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் வண்டி அசையவே அசையாது.

மண்டபம் மீன் வண்டி:
அண்ணன் சொன்னபடி சாக்கெட்டைக் கழற்றினோம். உள்ளே களிம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுத்துக் கருகியிருந்தது. எர்த் குழாயில் கம்பியைப் பிடித்திருந்த கவ்வி கை பட்டதும் பிஸ்கட் போல நொறுங்கிவிட்டது. இதைத் தொட்டுக்கொண்டுதான் என் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்கள்.

மின் பலகையிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, புதுத் தொழிற்சாலை சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் எல்லாம் போட்டாயிற்று. நேற்று இரவு ஒருமுறையும் நிற்கவில்லை. இன்று 45-இல் ஓட்டினேன்; வீடு திரும்பியபோது 21 சதவீதம் மீதி. வண்டியை விற்கவில்லை.

மின்பணியாளர் அண்ணன், புது எர்த் குழியைக் கிணற்றடி ஈரத்தில் போடட்டுமா, செப்புத் தண்டு எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்.