ரத்தம் எப்படி இணைப்புத் திசு ஆகும்?

செல்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. எபிதீலியம் (மேலுறை), இணைப்பு, தசை, நரம்பு என்று நான்கு வகைத் திசுவையும் கடகடவென ஒப்பிக்கிறாள். “எலும்பு கெட்டி, ரத்தம் திரவம், ரெண்டும் எப்படிம்மா ஒரே வகை?” என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

விலங்கியல் வாத்தியார்: கெட்டியா திரவமா என்பதல்ல கணக்கு, அம்மா. செல்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எபிதீலியத்தில் செல்கள் நெருக்கியடித்து நிற்கும். இணைப்புத் திசுவில் தள்ளித் தள்ளிக் கிடக்கும், நடுவில் தளப்பொருள். எலும்பில் அது கொலாஜன் நாரும் கால்சியம் பாஸ்பேட்டும். ரத்தத்தில் பிளாஸ்மா என்ற திரவம், சுமார் 55 சதவீதம். இரண்டுமே பெரும்பாலும் கருவின் நடு அடுக்கிலிருந்து வருபவை.

மணி: அக்கா, ஞாயிற்றுக்கிழமை முழுக் கோழிக்கால் ஒன்று தோலோடு வாங்குங்கள். தோலின் மேற்பரப்பு எபிதீலியம். அடியில் மஞ்சள் கொழுப்பு, அதுவும் இணைப்புத் திசுதான்! கணுக்கால் பக்கம் கத்திக்கு வழுக்கும் வெள்ளைப் பட்டை, தசையை எலும்போடு கட்டும் தசைநாண். இழுத்தால் விரல் மடங்கும். எலும்பு முனையில் பளபளப்பது குருத்தெலும்பு. தொடைச் சதையை மெல்லப் பிரித்தால் வெள்ளையாக நரம்பும் கிடைக்கும். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

செல்வி: நல்ல யோசனை தம்பி. குருத்தெலும்பு தேய்ந்தால் ஏன் சரியாவதில்லை? மாமியாருக்கு முட்டி வலி.

விலங்கியல் வாத்தியார்: அதில் ரத்தக்குழாய் கிடையாது. ஊட்டம் ஊறித்தான் போக வேண்டும். எலும்பில் ரத்த ஓட்டம் தாராளம், அதனால்தான் முறிந்தாலும் கூடிவிடுகிறது.