ராஜாஜியும் வரியும்: முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பெண்ணையாற்றங்கரை:
நேற்று பெட்ரோல் விலைப் பேச்சில் தம்பி வெள்ளைப்புறா ஒரு முத்து உதிர்த்திருந்தார். "ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கியதே வரியையும் அரசாங்கச் செலவையும் குறைக்கத்தான். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் கடலூர்க்காரன் பெட்ரோல் போட, வரி குறைவான புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்கு ஓட மாட்டான்" என்று. படித்ததும் காபி புரையேறிவிட்டது. இந்தியாவிலேயே பொது விற்பனை வரியை முதலில் போட்டது எந்த மாகாணம்? சென்னை. எந்த வருடம்? 1939. அப்போது மாகாணப் பிரதமர் யார்? சாட்சாத் ராஜாஜி. திருப்பாப்புலியூரில் மளிகைக்கடை வைத்திருந்த எங்கள் தாத்தா சாகிற வரை அந்த வரியைத் திட்டினார்.

வெள்ளைப்புறா:
அண்ணே, நான் சொன்னது 1959இல் சுதந்திரா தொடங்கிய பிறகான ராஜாஜியை. எதிர்க்கட்சியில் உட்கார்ந்து "பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்" என்று நேரு சர்க்காரை வாங்கு வாங்கென்று வாங்கியவர். 1957 பட்ஜெட்டில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சொத்துக்கு ஒரு வரி, செலவு செய்தால் அதற்கும் ஒரு வரி என்று போட்டார். சம்பாதித்தாலும் வரி, சேர்த்தாலும் வரி, செலவழித்தாலும் வரி. அதைக் கேட்க ஒருவர் வேண்டாமா?

பெண்ணையாற்றங்கரை:
1939 பற்றி ஒரு வார்த்தை காணோம். தேடிப் பார்த்தேன்.

வெள்ளைப்புறா:
சரி, அதையும் சொல்கிறேன். 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். அப்புறம் வேறு சில மாவட்டங்களுக்கும் நீட்டினார். கள்ளுக்கடை வருமானம் போனது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் விற்பனை வரி. குடிகாரன் காசில் கஜானா நடத்த மாட்டேன் என்றவரைக் குறை சொல்கிறீர்களே!

பெண்ணையாற்றங்கரை:
ஆக, வருமானம் குறைந்தபோது செலவைக் குறைக்கவில்லை. புது வரி போட்டார். இதைத்தானே நான் காலையிலிருந்து சொல்கிறேன்? நன்றி தம்பி.

பாகூர்ப் பொண்ணு:
ஒரு சந்தேகம். வருமானத்தின் மேல் போடுகிற வரி வேறு, கடையில் பொருள் வாங்கும்போது விழுகிற வரி வேறு. ராஜாஜி எதை எதிர்த்தார் என்று முதலில் பிரித்துக்கொண்டு பேசலாமே?

முத்தியால்பேட்டை மைனர்:
கடலூர்க்காரர்கள் வரலாறு பேசுவது அழகுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கன்னியக்கோயில் பக்கம் வரிசையாக நிற்கிற வண்டியில் எல்லாம் டி.என். 31 என்றுதானே இருக்கிறது? பெட்ரோலுக்கு மட்டும்தான் வருகிறார்களா?

பெண்ணையாற்றங்கரை:
வந்துவிட்டார் மைனர். நாங்கள் வந்து வாங்காவிட்டால் உங்கள் ஊர்க் கடைக்காரர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். குறைந்த வரியில் உங்கள் அரசு பிழைப்பதே எங்கள் புண்ணியத்தில்.

முத்தியால்பேட்டை மைனர்:
திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் வண்டிப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள், புண்ணியவானே.

வெள்ளைப்புறா:
விஷயத்துக்கு வாருங்கள். 1967இல் சுதந்திராவுக்கு மக்களவையில் 44 இடம். எதிர்வரிசையில் அதுதான் பெரிய கட்சி. செலவைக் குறைக்கச் சொன்னவருக்கு ஜனங்கள் போட்ட ஓட்டு அது.

பெண்ணையாற்றங்கரை:
அதே 1967இல் இங்கே யாரோடு கூட்டணி? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வோடு. அரிசிக்குக் காசு ஆகாயத்திலிருந்தா கொட்டும்? செலவைக் குறைக்கிறாராம்! 1939இல் வரி, 1967இல் படி. எதுகை கூடச் சரியாக வருகிறது.

வெள்ளைப்புறா:
அது தி.மு.க. கொடுத்த வாக்குறுதி, சுதந்திரா கொடுத்ததல்ல. 1952இல் முதலமைச்சரானதும் உணவுக் கட்டுப்பாட்டையே தூக்கியவர் ராஜாஜி. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும் தொண்ணூறு தாண்டிய வயதில் கருணாநிதி வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொள்கை மாறாத மனிதர்.

ஓ.டி. வாத்தியார்:
1953 அரைநாள் பள்ளித் திட்டத்தை ஏன் யாரும் சொல்லவில்லை? சிக்கனம் என்றால் அவருக்குப் பிள்ளைகள் படிப்பில்தான் கை வைக்கத் தோன்றியது. காமராஜர் வந்துதான் அதை எடுத்தார்.

வெள்ளைப்புறா:
வாத்தியாரே, அது தனிக் கதை. அதை இங்கே இழுக்காதீர்கள்.

ஓ.டி. வாத்தியார்:
பணம் போதாது என்றுதானே கொண்டுவந்தார்? அரசாங்கச் செலவு இல்லையா அது?

பாகூர்ப் பொண்ணு:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பெண்ணையாற்றங்கரை:
அம்மா, கொஞ்சம் பொறுங்கள். தம்பி 1939க்கு ஒழுங்காகப் பதில் சொல்லட்டும். போன மழைக்குக் கெடிலம் எந்தப் பக்கம் உடைத்தது என்ற பேச்சிலும் இப்படித்தான் நழுவினார்.

வெள்ளைப்புறா:
கெடிலம் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. படமே போட்டேன்.

பெண்ணையாற்றங்கரை:
அது பெண்ணையாற்றுப் படம். என் வீட்டு மாடியிலிருந்து தினம் பார்க்கிற ஆறு எனக்குத் தெரியாதா? அது கிடக்கட்டும். ஒரே வரியில் சொல்லுங்கள், வரி போட்டாரா இல்லையா?

வெள்ளைப்புறா:
மேலே விளக்கமாக எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

பெண்ணையாற்றங்கரை:
படித்தேன். சேலம் இருக்கிறது, கள்ளு இருக்கிறது, "போட்டார்" மட்டும் இல்லை.

முத்தியால்பேட்டை மைனர்:
அண்ணே, நாளைக்கு வரும்போது கண்ணாடியும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.