கிரேஸ், டோரீஸ்: இரண்டு சிகரங்களையும் ஒரே நாளில் ஏறலாமா?

முதற்சுவடு:

ஜூலைக் கடைசி வாரத்தில் கொலராடோவின் கிரேஸ் சிகரத்தையும் அதை ஒட்டி நிற்கும் டோரீஸ் சிகரத்தையும் ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். நாங்கள் மூவர். இருவருக்கு உயர்ந்த மலைகளில் நடந்த பழக்கம் உண்டு. மூன்றாமவருக்கு இதுவே முதல் முறை. ஸ்டீவன்ஸ் கல்ச் பள்ளத்தாக்கில் ஏறும் பாதையின் தொடக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்குக் கிரேஸ் உச்சியை அடையலாம் என்பது எங்கள் கணக்கு. அங்கிருந்து டோரீஸுக்கும் போய்விட்டு இறங்குவதா, கிரேஸோடு திரும்பிவிட்டு மற்றதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வதா என்பதில்தான் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. ஏறியவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

உச்சிப்பித்தன்:

தயங்காமல் இரண்டையும் ஏறுங்கள். பழைய வரைபடங்களின்படி கிரேஸ் 14,270 அடி, டோரீஸ் 14,267 அடி. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைத்தாழ்வு ஏறத்தாழ 13,700 அடி. கிரேஸ் உச்சியில் நிற்கும்போது நீங்கள் அன்றைய ஏற்றத்தில் பெரும்பகுதியை, அதாவது ஏறக்குறைய 3,000 அடியை, ஏறி முடித்திருப்பீர்கள். டோரீஸுக்காகக் கூடுதலாக ஏற வேண்டியது 560 அடிதான். திரும்பும்போது கிரேஸை மறுபடியும் ஏற வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். இடைத்தாழ்விலிருந்தே ஒரு குறுக்குப் பாதை சரிவில் இறங்கி, நீங்கள் ஏறிவந்த கிரேஸ் பாதையோடு சேர்ந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் அதில் பனி கிடக்கும் என்றாலும் ஜூலைக் கடைசியில் பெரும்பாலும் நல்ல தடமாகவே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் செலவழித்தால் கிடைக்கும் சிகரத்தை விட்டுவிட்டு, அதற்காகவே இன்னொரு நாள் அதிகாலையில் அதே கரடுமுரடான வண்டிப்பாதையில் குலுங்கிக்கொண்டு வருவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மெதுநடை:

உச்சிப்பித்தன் அவர்களின் எண்களில் பிழை இல்லை. அந்த 560 அடி நாளின் எந்த நேரத்தில் வருகிறது என்பதைத்தான் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குக் கிரேஸை அடைபவர், சிறிது ஓய்வெடுத்து இடைத்தாழ்வுக்கு இறங்கி டோரீஸ் உச்சியில் கால்வைக்கும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாள்களில், வெயிலில் சூடாகும் சரிவுகளிலிருந்து காற்று மேலெழுந்து நண்பகலுக்குள் இடிமேகமாகத் திரள்வது ராக்கி மலைகளில் வழக்கம். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகின்றன. பாதையோ மலைகளின் கிழக்குப் பக்கப் பள்ளத்தாக்கில் ஏறுகிறது. மேற்கே என்ன திரண்டுகொண்டிருக்கிறது என்பதை அந்த இரண்டு சிகரங்களே மறைத்துவிடுவதால், முகட்டை எட்டும் வரை நீலவானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நடப்பீர்கள்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதத்தில், "இன்னும் ஐநூறு அடிதானே" என்று சொல்லிக்கொண்டு இடைத்தாழ்விலிருந்து டோரீஸ் பக்கம் பாதித் தொலைவு ஏறியிருந்தோம். முதலில் என் நடைக்கோல்களிலிருந்து தேனீக்கூட்டம் முரல்வதைப் போன்ற மெல்லிய இரைச்சல் கேட்டது; ஏதோ பூச்சி என்று நினைத்துக் கையை உதறினேன். திரும்பிப் பார்த்தபோது, தொப்பிக்கு வெளியே இருந்த என் தோழியின் முடியிழைகள் காற்றே இல்லாமல் விறைத்து நின்றன. மின்னல் விழப்போவதன் அறிகுறிகள் அவை. அப்போது மழை ஒரு துளி கூடப் பெய்யவில்லை. கோல்களைக் கீழே போட்டுவிட்டுச் சரளைக்கல்லில் சறுக்கியும் விழுந்தும் இறங்கினோம். மின்னல் முகட்டில் இறங்கியபோது நாங்கள் குறுக்குப் பாதையில் இருந்தோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவதற்கு நேரமே இருக்கவில்லை.

உச்சிப்பித்தன்:

உங்களுக்கு நேர்ந்ததைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது தாமதமாகப் புறப்பட்டதன் விளைவு. ஆறு மணி என்பதை நானும் ஏற்கவில்லை என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். நான்கு மணிக்கு நெற்றிவிளக்கோடு கிளம்பினால் எட்டு மணிக்குக் கிரேஸ், ஒன்பதே காலுக்கு டோரீஸ், பத்து மணிக்குள் மீண்டும் இடைத்தாழ்வு. நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் விதியை இரண்டு சிகரங்களோடும் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம்.

பாறைமுயல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டோரீஸ் தனிச் சிகரமே இல்லை, கிரேஸின் தோள்தான், அதனால் விட்டாலும் நட்டமில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது தவறு. பக்கத்து உயர்ந்த சிகரத்தோடு இணைக்கும் இடைத்தாழ்விலிருந்து குறைந்தது 300 அடியாவது எழுந்தால்தான் தனிச் சிகரம் என்பது கொலராடோவில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். லிங்கன் சிகரத்தை ஒட்டியுள்ள கேமரன் மலை 14,000 அடியைத் தாண்டியும் அந்த அளவுகோலில் தேறுவதில்லை. டோரீஸ் எளிதாகத் தேறிவிடுகிறது.

பெயர்களின் பொருத்தமும் எனக்குப் பிடிக்கும். 1861இல் இங்கே தாவரங்கள் சேகரிக்க வந்த சார்லஸ் பாரி என்பவர், ஏசா கிரே, ஜான் டோரி என்ற இரண்டு தாவரவியலாளர்களின் பெயர்களை இவற்றுக்கு வைத்தார். டோரியிடம் பயின்று பின்னர் அவரோடு சேர்ந்து நூல் எழுதியவர் கிரே. பழைய அளவீட்டில் மாணவர் ஆசிரியரைவிட மூன்றடி உயரம்!

மெதுநடை:

பாறைமுயல் சொன்னதை ஏற்கிறேன். டோரீஸ் தனிச் சிகரம் என்பதால்தான் அதற்கென்று தனி நாள் கேட்கிறேன்.

உச்சிப்பித்தன் குறிப்பிட்ட நண்பகல் விதியைப் பலரும் பாதியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மரஎல்லைக்குக் கீழே வந்துவிட வேண்டும் என்பதே அதன் பொருள். ஸ்டீவன்ஸ் கல்ச் தொடக்கமே ஏறத்தாழ 11,300 அடியில், மரங்கள் முடியும் இடத்தை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் இந்த வழியில் பாதுகாப்பு என்பது பாதையின் நடுவில் எங்கும் இல்லை. வண்டி நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும். பத்து மணிக்கு இடைத்தாழ்வில் இருப்பவர், களைத்த முழங்கால்களோடு, அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் நான்கு மணிக் கணக்கிலும் மிச்சம் இருப்பது தாராளம் இல்லை, நூலிழை.

மேலும், அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். முதல் முறை வருபவர் கிரேஸ் உச்சியில் தலைவலியோடு உட்கார்ந்திருந்தால், "நீங்கள் வருகிறீர்களா?" என்று அவரிடம் கேட்பதில் பயனில்லை, வருகிறேன் என்றுதான் சொல்வார். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்முனையில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அது வெறும் களைப்பு இல்லை, உயரத்தால் வரும் கடுமையான மலைநோய். உடனே இறங்கியாக வேண்டும்.

உச்சிப்பித்தன்:

மரஎல்லையைப் பற்றிய உங்கள் திருத்தம் சரி. என் கணக்கை மாற்றிக்கொள்கிறேன். மூன்று மணிக்குப் புறப்படட்டும். ஒன்பது மணிக்குள் டோரீஸ் உச்சியைத் தொட முடியாதென்றால் இடைத்தாழ்விலிருந்தே குறுக்குப் பாதையில் இறங்கிவிடட்டும். முடிவெடுக்க இவ்வளவு வசதியான இடம் இந்த வழியில் இருக்கும்போது, முதல் நாளே டோரீஸைக் கைவிடச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதற்சுவடு:

இருவருக்கும் நன்றி. மூன்று மணிக்குப் புறப்படுவதாக முடிவு செய்துவிட்டோம். ஒன்பது மணி எல்லையையும் எழுதி வைத்துக்கொண்டோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: புதியவர் களைத்துவிட்டால், அவரை இடைத்தாழ்வில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் டோரீஸுக்கு விரைந்து போய்வரலாமா?

மெதுநடை:

வேண்டாம். வியர்த்த உடலோடு அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் எலும்பு வரை இறங்கிவிடும். மலைநோயின் அறிகுறிகள் கூடினாலும் பார்க்க ஆள் இருக்காது. ஒருவர் இறங்கினால் மூவரும் இறங்குங்கள்.

உச்சிப்பித்தன்:

இந்த ஒன்றில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பழக்கம் உள்ள ஒருவர் அவரோடு இறங்கி, மற்றவர் தனியாக டோரீஸுக்குப் போகலாம் என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே நானே அழித்துவிட்டேன்.