புது நாஸில் (நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் ஃபைல் சேமிப்புப் பெட்டி) ஒரே ஃபோல்டர் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு "அனுமதி இல்லை" என்கிறது. எங்கே பார்ப்பது?

மில்ரோடு_ஐடி

வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் ஆபீஸில் 70 பேர் வரை இருக்கிறோம், எல்லாக் கம்ப்யூட்டரும் டொமைனில்தான் (லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆபீஸ் நெட்வொர்க்). ஃபைல் சர்வர் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, அதற்கு 2023 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்துவிட்டதால் இப்போதுதான் ஒருவழியாகப் பணம் ஒதுக்கி ஒரு நாஸ் வாங்கினோம். விண்டோஸ் பர்மிஷனை அப்படியே வைத்துக்கொள்ளும் வகை. டொமைனில் சேர்த்தேன், சனிக்கிழமை இரவு விண்டோஸின் ரோபோகாப்பி கமாண்டில் /காப்பிஆல் (பர்மிஷனோடு சேர்த்து) போட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்தேன், லாகில் ஒரு ஃபைல்கூட ஃபெயில் ஆகவில்லை. பழைய சர்வரை அணைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை 9.40க்கு அக்கவுண்ட்ஸில் இருந்து முதல் போன். அங்கே நான்கு பேர். ஜிஎஸ்டி ஃபோல்டர் இரண்டு பேருக்குத் திறக்கிறது, இரண்டு பேருக்கு "இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை". நான்கு பேரும் ஒரே வேலை, பழைய சர்வரில் நான்கு பேருக்கும் திறந்தது. அதைவிடக் குழப்பம், திறக்காத இருவரில் ஒரு பெண் பக்கத்து சீட்டுக் கம்ப்யூட்டரில் தன் லாகினிலேயே உட்கார்ந்தால் திறக்கிறது! தன் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. அப்புறம் ஸ்டோர்ஸில் ஒருவருக்கு எக்செல் ஃபைல் திறக்கிறது, டைப் செய்ய முடிகிறது, சேவ் கொடுத்தால் மட்டும் அனுமதி இல்லை என்கிறது, அந்த ஃபோல்டரில் 5ஈ3ஏ2பி10 மாதிரி எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல்கள் குவிந்துகொண்டே வருகின்றன.

ஆத்திரத்தில் மேல் ஃபோல்டரில் எவ்ரிஒன் (எல்லாரும்) என்பதற்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி ஃபோல்டரில் ஒரு மாற்றமும் இல்லை. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், அவர்கள் என் மேசைக்கு வந்து நிற்கிறார்கள்.

பழைய_கேபிள்

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த எவ்ரிஒன்னை எடுத்துவிடுங்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே போய் எடுங்கள்.

காரணம் சொல்கிறேன். மேலே கொடுத்த பர்மிஷன் கீழே இறங்குவது இன்ஹெரிட்டன்ஸ் வழியாக. ஜிஎஸ்டி ஃபோல்டரில் யாரோ எப்போதோ இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தியிருக்கிறார்கள், அதனால்தான் நீங்கள் மேலே எதைக் கொடுத்தாலும் அங்கே எட்டவில்லை. ஆனால் நிறுத்தாத ஃபோல்டர்கள் எத்தனை? சம்பளப் பட்டியல் இருக்கும் ஃபோல்டரில் நிறுத்தியிருக்கிறார்களா? இல்லையென்றால் இந்த நிமிடம் உங்கள் ஆபீஸில் 70 பேரும் ஒருவர் சம்பளத்தை ஒருவர் பார்க்கலாம், அழிக்கவும் செய்யலாம். வேண்டிய இடத்தில் பூட்டு திறக்கவில்லை, வேண்டாத இடத்தில் கதவே இல்லாமல் போய்விட்டது. இதை நான் பல ஆபீஸ்களில் பார்த்துவிட்டேன், "தற்காலிகம்" என்று கொடுத்த எவ்ரிஒன் மூன்று வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். பர்மிஷன் தகராறில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. சர்வர் இந்த ஆளை யார் என்று நினைக்கிறது? அந்த ஃபோல்டரின் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது? இந்த இரண்டையும் பார்க்காமல் டிக் போடுவதும் எடுப்பதும் இருட்டில் தேடுவது மாதிரி.

முதல் கேள்விக்கு: அந்தப் பெண் இரண்டு கம்ப்யூட்டரிலும் திறக்கும்போது நாஸின் நிர்வாகப் பக்கத்தில் இப்போது இணைந்திருப்பவர்கள் பட்டியலைப் பாருங்கள். இரண்டு முறையும் அவர் பெயர்தான் வருகிறதா? பிறகு அவர் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டில் ஹூஆம்ஐ /குரூப்ஸ் கொடுங்கள். எந்த குரூப் வரவேண்டுமோ அது அதில் இருக்கிறதா பாருங்கள். குரூப்பில் இன்று சேர்த்திருந்தால் லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் வரும், ஸ்க்ரீனைப் பூட்டித் திறந்தால் போதாது. லாகின் செய்யும்போது கிடைக்கும் அடையாளச் சீட்டான கெர்பரோஸ் டிக்கெட் வழக்கமாக 10 மணி நேரம் உயிரோடு இருக்கும், அதற்குள் பழைய பட்டியலைத்தான் சர்வரிடம் காட்டும். குரூப்பை டிஸ்ட்ரிபியூஷன் வகையாக உருவாக்கியிருந்தால் அது வரவே வராது, அது மெயிலுக்கு மட்டும்தான்.

இரண்டாவதற்கு: ஜிஎஸ்டி ஃபோல்டரில் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. அங்கே இருப்பதை வரிவரியாக இங்கே எழுதுங்கள். ஷேர் பர்மிஷனையும் (நெட்வொர்க் பகிர்வுக்கென்று உள்ள அனுமதி) தனியாகப் பாருங்கள், நெட்வொர்க்கில் வரும்போது இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

ராத்திரி_ஷிப்ட்

அந்த எக்செல் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காக ஒரு முழு ராத்திரி விழித்திருக்கிறேன்.

எக்செல் சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேல் எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் தற்செயலான பெயரில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, எல்லாவற்றையும் அதில் எழுதி, பழையதை அழித்துவிட்டு, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். நீங்கள் பார்க்கிற எட்டு எழுத்து ஃபைல்கள் அவைதான். அந்த ஸ்டோர்ஸ் ஆளுக்கு ரீட், ரைட் இரண்டும் இருக்கும், டெலீட் இருக்காது. அதனால் தற்காலிக ஃபைல் உருவாகிறது, பழையதை அழிக்கும் படியில் தடுக்கிறது, பாதியில் நின்றுபோன மிச்சம் ஃபோல்டரில் கிடக்கிறது. நோட்பேடில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து மாற்றி சேவ் செய்யச் சொல்லுங்கள், சேவ் ஆகும், ஏனென்றால் நோட்பேட் அதே ஃபைலில் நேராக எழுதுகிறது. அவருக்கு மாடிஃபை கொடுங்கள், ஃபுல் கன்ட்ரோல் வேண்டாம். ஃபுல் கன்ட்ரோலில் பர்மிஷனையே மாற்றும் உரிமையும் சேர்ந்து போய்விடும்.

குவிந்த ஃபைல்களை உடனே அழிக்காதீர்கள். அவர் காலையிலிருந்து டைப் செய்தது அவற்றில் ஒன்றில் இருக்கலாம், நகல் எடுத்து .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று பெயர் மாற்றித் திறந்து பாருங்கள்.

மில்ரோடு_ஐடி

எவ்ரிஒன்னை எடுத்துவிட்டேன். பழைய_கேபிள் அண்ணா, நீங்கள் பயந்தது உண்மைதான், எச்ஆர் ஃபோல்டரில் இன்ஹெரிட்டன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் திறந்து கிடந்திருக்கிறது. எம்.டி.யிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

எக்செல் சரியாகிவிட்டது, மாடிஃபை கொடுத்ததும் போய்விட்டது. தற்காலிக ஃபைல் ஒன்றில் அவருடைய காலை ஸ்டாக் கணக்கு முழுதாகக் கிடைத்தது, அந்த ஒரு வரிக்கு ராத்திரி_ஷிப்டுக்குத் தனி நன்றி.

பக்கத்து சீட் மர்மமும் தெரிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது நாஸ் பட்டியலில் வருவது அவர் பெயர் இல்லை, என் அட்மின் பெயர். திங்கள் காலை அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது பாஸ்வேர்டு கேட்ட பெட்டியில் சோதித்துப் பார்க்க என்னுடையதைக் கொடுத்தேன், "நினைவில் வை" என்ற டிக்கும் இருந்திருக்கிறது. விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆக, திறக்காத கம்ப்யூட்டர்தான் உண்மையைச் சொன்னது. அதை அழித்து, என் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன்.

ஜிஎஸ்டி ஃபோல்டரின் பட்டியலில் ஐந்து வரிதான்: டொமைன் அட்மின்ஸ், சிஸ்டம், அக்கவுண்ட்ஸ்-சீனியர் என்ற டொமைன் குரூப், அப்புறம் இரண்டு வரி பெயரே இல்லாமல் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண்கள், பக்கத்தில் கேள்விக்குறிப் படம். திறக்கிற இரண்டு பேரும் அக்கவுண்ட்ஸ்-சீனியரில் இருக்கிறார்கள். திறக்காத இரண்டு பேரும் இல்லை. அந்த எண்கள் என்ன?

பழைய_கேபிள்

கிடைத்துவிட்டது. அந்த இரண்டு எண்தான் உங்கள் இரண்டு பேர்.

ஒவ்வொரு ஆளுக்கும் குரூப்புக்கும் எஸ்ஐடி என்று ஒரு அடையாள எண் உண்டு. ஃபோல்டரில் பெயர் எழுதப்படுவதில்லை, இந்த எண்தான் எழுதப்படும், பெயரைத் திரையில் காட்டும்போதுதான் தேடி எடுத்துப் போடுகிறது. எஸ்-1-5-21க்கு அடுத்து மூன்று பெரிய எண்கள் வரும், கடைசியில் ஒரு சின்ன எண். அந்த மூன்றும் எந்த டொமைன் அல்லது எந்தக் கம்ப்யூட்டர் அதை உருவாக்கியது என்பதைச் சொல்லும், கடைசி எண் அங்கே அது எத்தனையாவது ஆள் என்பதை. ஹூஆம்ஐ /யூசர் கொடுத்து உங்களுடைய எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று எண்களும் ஒத்துப்போனால் அது டொமைனில் இருந்து எப்போதோ அழிக்கப்பட்ட ஆள் அல்லது குரூப். ஒத்துப்போகவில்லையென்றால் பெரும்பாலும் வேறொரு கம்ப்யூட்டரின் லோக்கல் குரூப், அதாவது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும் குரூப்.

நான் பந்தயம் கட்டுகிறேன், ஒத்துப்போகாது. பழைய சர்வரை அமைத்தவர் அந்தச் சர்வருக்குள்ளேயே லோக்கல் குரூப் உருவாக்கி, அதில் டொமைன் ஆட்களைச் சேர்த்து, ஃபோல்டருக்கு அந்த லோக்கல் குரூப்பைக் கொடுத்திருக்கிறார். அந்தச் சர்வர் இருக்கும்வரை எல்லாம் ஓடும். ரோபோகாப்பி உங்களை ஏமாற்றவில்லை, எண்ணை ஒரு புள்ளி மாறாமல் எடுத்து வந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த எண் பழைய சர்வரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பழைய சர்வரை அழித்துவிடவில்லையே? அதை ஆன் செய்து பவர்ஷெல்லில் கெட்-லோக்கல்குரூப் கொடுத்து எஸ்ஐடியோடு பட்டியல் எடுங்கள். அந்த கமாண்ட் இல்லை என்று சொன்னால் பயப்படாதீர்கள், 2012 ஆர்2வில் பவர்ஷெல் 5.1 போட்டால்தான் வரும். டபிள்யூஎம்ஐசி குரூப் கெட் நேம்,எஸ்ஐடி என்று கொடுத்தாலும் அந்தப் பெயர்களும் எண்களும் கிடைக்கும். யார் யார் உறுப்பினர் என்பதற்கு நெட் லோக்கல்குரூப். ஒவ்வொரு லோக்கல் குரூப்புக்கும் ஈடாக டொமைனின் ஆள் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு டொமைன் லோக்கல் குரூப் உருவாக்கி அதே ஆட்களைச் சேருங்கள். பிறகு பர்மிஷனைக் கையாளும் ஐகேக்கிள்ஸ் கமாண்டில் /சேவ், /டி போட்டு ஃபோல்டரின் மொத்தப் பர்மிஷனையும் ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். அதைத் திரும்பப் போடும்போது /சப்ஸ்டிட்யூட் என்று பழைய எஸ்ஐடி, புது எஸ்ஐடி இரண்டையும் கொடுத்து /ரீஸ்டோர் செய்தால் எல்லா இடத்திலும் எண் மாறிவிடும். ஒரு ஜாக்கிரதை: சேவ் செய்தது அக்கவுண்ட்ஸ் ஃபோல்டர் என்றால் ரீஸ்டோர் கொடுக்க வேண்டியது அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரில். முதலில் ஒரு சின்ன டெஸ்ட் ஃபோல்டரில் செய்து பாருங்கள்.

வாசல்_சாவி

பழைய_கேபிள் சொல்வது வேலை செய்யும், ஆனால் நானாக இருந்தால் சப்ஸ்டிட்யூட் செய்ய மாட்டேன். பத்து வருடத்தில் யார் யாருக்கோ தனித்தனியாகக் கொடுத்தது, நடுவில் ஒரு டினை (மறுப்பு), வேலையை விட்டுப் போனவர்கள் பெயர் என்று எல்லாக் குப்பையும் அதே எண் மாற்றத்தோடு புது வீட்டுக்கும் வந்துவிடும். மேல் ஃபோல்டரில் படிக்க ஒரு குரூப், மாற்ற ஒரு குரூப் என்று சுத்தமாகப் போட்டு, உள்ளே இருப்பவற்றுக்கு நட்சத்திரக் குறியோடு ஐகேக்கிள்ஸ் /ரீசெட் /டி /சி கொடுத்தால் எல்லாமே மேலே இருப்பதை வாங்கிக்கொள்ளும். இரண்டு மணி நேர வேலை, ஐந்து வருட நிம்மதி.

பழைய_கேபிள்

நியாயம்தான், ஆனால் 20ஆம் தேதிக்கு முன்னால் வேண்டாம். உள்ளே எந்த ஃபோல்டர் எதற்காகத் தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் ரீசெட் கொடுத்தால் ஆடிட்டர் ஃபோல்டர் மாதிரி ஒன்று எல்லாருக்கும் திறந்துவிடும். இப்போதைக்கு எண்ணை மாற்றட்டும், தாக்கல் முடிந்ததும் ஒவ்வொரு துறையாகக் கூப்பிட்டுக் கேட்டு நீங்கள் சொன்னபடி கட்டட்டும். எந்த வழியானாலும் /சேவ் ஃபைல் கையில் இருக்க வேண்டும்.

மில்ரோடு_ஐடி

முடிந்தது. பழைய சர்வரை எழுப்பினேன், இரண்டு எண்ணும் அதன் லோக்கல் குரூப்கள்தான், மூன்று எண்களும் டொமைனோடு ஒத்துப்போகவில்லை. பர்மிஷன் கொடுக்கப் பயன்பட்ட லோக்கல் குரூப் மொத்தம் 11 இருந்தது. டெஸ்ட் ஃபோல்டரில் முதல் முறை ரீஸ்டோர் தப்பாகிவிட்டது, நீங்கள் சொன்ன அதே ஒரு படி மேலே விஷயம்தான். நேற்று ஏழு மணிக்கு எல்லாரையும் லாக் ஆஃப் செய்யச் சொல்லி, எட்டரைக்குள் முடித்துவிட்டேன். காலையில் நான்கு பேருக்கும் ஜிஎஸ்டி ஃபோல்டர் திறந்தது, அவரவர் கம்ப்யூட்டரில், அவரவர் பெயரில். நாஸ் பட்டியலில் நான்கு பெயரையும் நேரில் பார்த்தேன்.

ஒன்று மட்டும் மிச்சம். ஜிஎஸ்டி ஃபோல்டருக்குள் மூன்று பிடிஎஃப் மட்டும் இன்னும் சீனியர்களுக்குக்கூடத் திறக்கவில்லை. பர்சேஸ் ஃபோல்டரில் இருந்து யாரோ இழுத்துப் போட்டவை என்கிறார்கள்.

ராத்திரி_ஷிப்ட்

ஒரே வால்யூமுக்குள் (ஒரே டிஸ்க் பகுதிக்குள்) இழுத்துப் போட்டால் ஃபைல் நகர்வதில்லை, விலாசம் மட்டும்தான் மாறும், பர்சேஸின் பழைய பர்மிஷனையே கட்டிக்கொண்டு வந்திருக்கும். காப்பி செய்து ஒட்டியிருந்தால் இந்தப் பிரச்சினை வராது, புது ஃபைலாகப் பிறந்து புது ஃபோல்டரின் பர்மிஷனை வாங்கியிருக்கும். அந்த மூன்றுக்கு மட்டும் ஐகேக்கிள்ஸ் /ரீசெட் கொடுங்கள், போதும்.

மில்ரோடு_ஐடி

மூன்றும் திறந்துவிட்டது. 3பி இன்று மதியமே தாக்கல் ஆகிவிட்டது. அடுத்த வாரம் பர்சேஸில் தொடங்கி, வாசல்_சாவி சொன்னபடி துறை துறையாகக் கேட்டு எழுதப் போகிறேன்.