ஐந்தாம் வாரத்தில் நொண்டல் நின்றுவிட்டது; இனிக் குதிரையின் மேல் ஏறலாமா?

கேள்வி எழுதியவர்: மழைக்காலம்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு, ஓய்வு பெற்ற குதிரைகளில் ஒன்றை நானும் என் தங்கையும் சேர்ந்து வாங்கி, ஒரு சவாரி லாயத்தில் வைத்துப் பராமரித்து வருகிறோம். ஐந்து வாரங்களுக்கு முன்பு, விடாமல் பெய்த மழைக்கு மறுநாள், ஊறிக் கிடந்த மணல் தரையில் கேண்டர் எனப்படும் மிதமான ஓட்டத்தில் சென்றுகொண்டிருந்தபோது குதிரை சட்டென்று வேகம் குறைத்து நின்றுவிட்டது. அன்று மாலைக்குள் இடது முன்னங்காலில், முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவே பின்பக்கம் வில் போல வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது.

கால்நடை மருத்துவர் எட்டாம் நாள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து, மேலடுக்கில் உள்ள மடக்குத் தசைநாணின் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறு) நடுவில் நார்கள் அறுந்திருப்பதாகவும், குறுக்குவெட்டில் ஏறத்தாழ கால் பங்கு பாதிக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார். முழுமையாகத் தேற ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும் என்பது அவருடைய கணிப்பு. ஆனால் இப்போது வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது, சூடு இல்லை, நடையில் நொண்டலும் இல்லை. லாய அறைக்குள் கதவை உதைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை.

லாயத்தில் சிலர், மெதுவான நடையில் ஏறி ஓட்டலாம் என்கிறார்கள். வேறு சிலர், மேய்ச்சல் வெளியில் அவிழ்த்துவிட்டால் அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். வயதான உறவினர் ஒருவர், மஞ்சள் பற்றுப் போட்டு, பிறகு காய்ச்சிய இரும்பால் காலில் சூடு வைத்தால் நரம்பு இறுகும் என்று உறுதியாகச் சொல்கிறார். எதை நம்புவது என்று தெரியாமல் கேட்கிறேன்.

பதில் 1: லாடமும் நாணும்

நான் பல ஆண்டுகள் குதிரை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றியவள். உங்கள் மருத்துவர் சொன்ன கால அளவு மிகையானதன்று. நொண்டல் நின்றதையும் காயம் ஆறியதையும் ஒன்றாக எண்ணிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

குதிரைக்கு முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பும் தசைநாண்களும் தோலும்தான். மேலேயுள்ள தசையின் இழுப்பை நீண்ட நாண் ஒன்று குளம்புக்குச் சற்று மேலேவரை கொண்டு செல்கிறது. ஒவ்வோர் அடியிலும் அது வில்லின் நாண் போல நீண்டு, திரும்பச் சுருங்குகிறது. நாலுகால் பாய்ச்சலில் இந்த நாண் தன்னால் தாங்கக்கூடிய எல்லைக்கு மிக அருகில்வரை இழுபடுகிறது. அப்போது அதன் உட்பகுதியின் வெப்பம் 45 பாகை செல்சியஸ்வரை உயரக்கூடும் என்று அளந்திருக்கிறார்கள். இத்தனை வேலை செய்யும் உறுப்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே ஆறுவதும் மெதுவாகத்தான் நடக்கும்.

வலியும் சூடும் வீக்கமும் அழற்சியின் அடையாளங்கள். அழற்சி முதல் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. அது அடங்கியதும் குதிரை நேராக நடக்கிறது, நாமும் தேறிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் அறுந்த இடத்தில் புதிய நார்கள் உருவாகத் தொடங்கியிருக்கும். முதலில் வருவது மூன்றாம் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம். அது மெலிந்தது, ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பது. முதிர்ந்த நாணின் வலிமைக்குக் காரணமான முதல் வகைக் கொலாஜன், இழுவிசையின் திசையில் நேர்கோடுகளாக அமைந்திருப்பது, பல மாதங்களில் மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. அதன் பிறகும் தழும்புள்ள இடம் பழைய நாணைப் போல நெகிழ்வதில்லை. அதனால் தழும்பின் இரு விளிம்புகளிலும், சில நேரங்களில் மறுகாலிலும்கூட, மறுபடி காயம் ஏற்படும் அபாயம் இருக்கிறது.

அந்த நார்கள் நேராக அமைவதற்கு அளவான இழுவிசை வேண்டும். முற்றிலும் அசையாமல் வைத்தாலும் தழும்பு மோசமாகிவிடும். எனவேதான் கையில் பிடித்து நடத்துவது மருத்துவத்தின் மையமாக இருக்கிறது. பொதுவாக நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டி, மூன்றாம் மாத இறுதிக்குள் நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை கொண்டுவருவார்கள். சமமான, உறுதியான தரையில்தான் நடத்த வேண்டும். ஆழமான மணலில் குளம்பு அமிழும்போது நாண் கூடுதலாக இழுபடும். மறு ஸ்கேன் பார்த்த பின்புதான் டிராட் எனப்படும் துள்ளுநடை, அதுவும் ஐந்து நிமிடத்தில் தொடங்கி. அடுத்தடுத்த ஸ்கேன்களில் நாணின் குறுக்குவெட்டுப் பரப்பு பத்து விழுக்காட்டுக்கு மேல் பெருத்திருந்தால், அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். ஒரு படி பின்வாங்க வேண்டும்.

ஆகவே ஐந்தாம் வாரத்தில் ஏறாதீர்கள். மேய்ச்சல் வெளியில் அவிழ்த்துவிடுவது அதைவிடக் கெடுதல். ஐந்து வாரம் அடைபட்டிருந்த குதிரை முதல் நிமிடத்திலேயே துள்ளிப் பாயும், அந்த ஒரு பாய்ச்சல் போதும்.

சூடு வைக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, சூடு வைப்பதால் நாண் வேகமாகவோ வலுவாகவோ ஆறுவதில்லை என்று காட்டியது. மஞ்சள் பற்று நாண்வரை எட்டாது. ஈரமான பற்றை மூடிக் கட்டினால் நம் ஊர் வெக்கையில் தோல் புண்ணாகிவிடும். வலி மருந்தையும் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் மட்டுமே கொடுங்கள். வலியை மறைத்துவிட்டு உழைக்கவைத்தால் காயம் பெரிதாகும். அளவு மீறினால் குதிரையின் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும்.

பதில் 2: பழைய சைஸ்

தம்பியோ தங்கையோ, யாராக இருந்தாலும் வணக்கம். என் தந்தையார் புக்கித் தீமா பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக இருந்தார். 1999இல் எல்லாம் கிராஞ்சிக்கு மாறியபோது நானும் அங்கே சேர்ந்தேன். சூடு வைப்பதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்தக் குதிரைகளுக்கு ஆறு மாதம், எட்டு மாதம் ஓய்வு கொடுப்பார்கள். குணமாக்கியது அந்த ஓய்வுதான் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை, குணமான குதிரைகளை அவரும் பார்த்திருப்பார். காரணத்தை மட்டும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்.

மருத்துவக் காரணங்களை மேலே அந்த அம்மா தெளிவாக எழுதிவிட்டார். அன்றாடப் பராமரிப்பில் நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

அடைபட்டு நிற்கும் குதிரைக்கு ஓடும் குதிரையின் தீனியைப் போடக் கூடாது. தானியத்தைக் குறைத்து, காய்ந்த புல்லை நாளுக்கு நான்கைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். வாய் அசைந்துகொண்டிருந்தால் கதவை உதைப்பது குறையும், வயிற்று வலி வரும் ஆபத்தும் குறையும். சாணத்தின் அளவையும் குடிக்கும் நீரின் அளவையும் தினமும் கவனியுங்கள்.

கட்டுப் போடும்போது காயப்படாத காலுக்கும் சேர்த்தே போடுங்கள், ஏனென்றால் பாரத்தை அதுதான் சுமக்கிறது. பஞ்சு தாராளமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அந்தக் கட்டே நாணைக் காயப்படுத்திவிடும். இங்குள்ள ஈரப்பதத்தில் நாள் முழுவதும் கட்டியே வைத்தால் தோலில் பொருக்கு வரும், அதனால் தினமும் சில மணி நேரமாவது அவிழ்த்து, துடைத்து, மின்விசிறிக் காற்றில் காலை உலரவிடுங்கள். நடைக்குப் பிறகு இருபது நிமிடம் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் நல்லது, பிறகு நன்றாக உலர்த்திவிட்டே கட்ட வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். காலையில் கட்டை அவிழ்த்ததும், நடத்துவதற்கு முன்பு, இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளால் தடவிப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுச் சூடாக இருந்தாலும் அன்று நடை வேண்டாம், மருத்துவருக்குச் சொல்லுங்கள். என் தந்தையார் விடிவதற்கு முன்பே லாயத்துக்குப் போய் இதைத்தான் முதலில் செய்வார்.

பதில் 3: தெம்பனிஸ் வாசகி

என் பெண் குதிரைக்கும் இதே காயம் ஏற்பட்டது. நான்காம் மாதத்தில் பார்க்கப் பளபளவென்று இருந்தது. அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, ஒரு சுற்றுதானே என்று கேண்டரில் ஓட்டினேன். அதே நாண், பழைய காயத்துக்கு இரண்டு விரற்கடை மேலே அறுந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, பதினான்கு மாதங்கள் ஆயின. இன்று அது நடையும் இலேசான டிராட்டும் மட்டுமே செய்கிறது. அன்று நான் காத்திருக்க வேண்டியது மூன்று வாரந்தான். அதை நினைக்காத நாளில்லை.

குதிரையின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மாவை ஊசியாகச் செலுத்தும் முறையை என் மருத்துவர் இரண்டாம் முறை பரிந்துரைத்தார், நாங்கள் செய்தோம். உதவியிருக்கலாம். ஆனால் ஊசி போட்டதால் காலக்கெடுவில் ஒரு வாரத்தைக்கூட அவர் குறைக்கவில்லை.

மழைக்காலம் எழுதுகிறார்

மூவருக்கும் நன்றி. தெம்பனிஸ் அக்கா எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். ஏறும் பேச்சை இருவரும் விட்டுவிட்டோம். மருத்துவரிடமும் பேசினேன். இந்த வாரம் நாளுக்கு இருபது நிமிடம் கைநடை, எட்டு வாரம் கழித்து மறு ஸ்கேன் என்று முடிவாகியிருக்கிறது. தானியத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. அறையைவிட்டு வெளியே வந்ததும் முன்னங்கால்களைத் தூக்கி எழுகிறது. பிடித்து நடத்தவே அஞ்சுகிறோம்.

பதில்: பழைய சைஸ்

அச்சம் நியாயமானது, அந்தத் துள்ளலே நாணுக்குக் கேடு. தலைக்கவசமும் கையுறையும் இல்லாமல் பிடிக்காதீர்கள். மற்றக் குதிரைகள் வெளியேறும் நேரத்தில் நடத்தாமல், காலை தீனி தின்று முடித்த பிறகு, வயதான அமைதியான குதிரை ஒன்றை முன்னே நடக்கவிட்டு இதைப் பின்னால் கொண்டுசெல்லுங்கள். பெரும்பாலான குதிரைகள் இதற்கே அடங்கிவிடும். அப்படியும் எழுந்தால், முதல் பத்துப் பதினைந்து நாட்களுக்கு இலேசான மயக்க மருந்து தர முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. லாய அறை எந்தப் பக்கம் இருக்கிறது? மேய்ச்சல் வெளியைப் பார்த்தபடி இருந்தால், அமைதியான மூலை ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள், ஆனால் இன்னொரு குதிரை கண்ணில் படும்படி இருக்கட்டும்.