நெப்ராஸ்காவில் மகள் வீட்டுக்குப் போகிறோம்: பார்க்கத் தோட்டம் ஏதாவது உண்டா?

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
வணக்கம். மகள் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் என்ற ஊரில் இருக்கிறாள். மே கடைசியில் நானும் வீட்டுக்காரியும் கிளம்புகிறோம், செப்டம்பர் வரை இருப்போம். விசாரித்தவர்கள் எல்லாம் "அங்க என்னங்க இருக்குது, மக்காச்சோளக் காடும் மாட்டுப் பண்ணையும்தான்" என்கிறார்கள். எனக்குக் கடைகடையாக ஏறி இறங்குவதில் விருப்பம் இல்லை. நெல்லும் தென்னையும்தான் தொழில். வரப்போரம் நானே வைத்து வளர்த்த மருதும் வேங்கையும் நிற்கின்றன. மரம் பார்ப்பதென்றால் எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். மலம்புழா மாதிரி பெரிய தோட்டம் அங்கே உண்டா? மாப்பிள்ளைக்கு சனி, ஞாயிறுதான் லீவு. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி வேறு.

சித்தூர் டீச்சர்:
அண்ணா, நான் பக்கத்து ஊர்தான். பள்ளிக்கூடத்தில் பாட்டனி எடுத்து ஓய்வு பெற்றவள். என் பையன் லிங்கனில்தான் படித்தான், வேலையும் அங்கேயே அமைந்துவிட்டது.

பெரிய தோட்டம் என்றால் ஓமஹாவில் லாரிட்சன் தோட்டம், 100 ஏக்கர். லிங்கனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். டிக்கெட் உண்டு. கோடைக்காலத்தில் உள்ளே சுற்றிக் காட்ட டிராம் வண்டி விடுவார்கள், அண்ணிக்கு அது வசதி. ஒரு சனிக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள்.

ஆனால் அந்த மாநிலத்தின் தோட்டங்கள் சின்னச் சின்ன ஊர்களில் பரவிக் கிடக்கின்றன. 1978இல் மாநில மரப்பூங்கா என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். அதற்கு ஒரு மதிலோ கேட்டோ கிடையாது. கோர்ட் வளாகம், காலேஜ், ஊர்ப் பார்க், கல்லறைத் தோட்டம் என்று அங்கங்கே இருந்த இடங்களையே சேர்த்துக்கொண்டார்கள். அதனால் எந்த ஊர் வழியாகப் போனாலும் கோர்ட் பக்கம் வண்டியை நிறுத்தி மரங்களைப் பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது.

லிங்கனிலேயே பல்கலைக்கழகத்தின் கிழக்கு வளாகத்தில் மேக்ஸ்வெல் மரத்தோட்டம் இருக்கிறது. காசு வேண்டாம், டவுன் பஸ்ஸும் போகும். மாப்பிள்ளை லீவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பர் ஓக் மரத்தைத் தேடுங்கள். பட்டை கனமாக, ஆழமாக வெடித்திருக்கும். புல்வெளித் தீயைத் தாங்கியது அந்தப் பட்டைதான். காயின் தொப்பி விளிம்பில் சுருள் சுருளாக நார் தொங்கும். மாநில மரமான காட்டன்வுட்டைப் பார்த்தால் ஒரு இலையை எடுத்து, காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். உருளாது, தட்டையாக இருக்கும். லேசான காற்றுக்கே நம் அரசமரம் மாதிரி சலசலப்பது அதனால்தான். அப்புறம், அதே வளாகத்தில் பல்கலைக்கழகமே நடத்தும் பால்பண்ணைக் கடை இருக்கிறது. அங்கே ஐஸ்கிரீம் சாப்பிடாமல் வராதீர்கள்.

நெப்ராஸ்கா சிட்டியில் ஆர்பர் லாட்ஜ், மோர்ட்டன் என்பவர் வாழ்ந்த இடம். 1872 ஏப்ரல் 10ஆம் தேதி முதல் மரம் நடும் நாளை நடத்தியவர் அவர். அன்றைக்கு மட்டும் மாநிலத்தில் பத்து லட்சம் மரங்களுக்கு மேல் நட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். மத்திய அமைச்சராக இருந்த முன்ஷி இங்கே வனமகோத்சவம் என்ற மரம் நடும் விழாவைத் தொடங்கியது 1950இல்தான். மரம் வைக்கும் கை உங்களுக்கு, அந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

அண்ணா, மரத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்த மண்ணுக்குச் சொந்தம் புல்தான். ஓடைக்கரை தவிர மற்ற இடங்களில் நீங்கள் பார்க்கும் மரம் பெரும்பாலும் யாரோ வைத்தது. உழுது போட்டதில் உயரப் புல்வெளி முக்கால்வாசிக்கும் மேல் போய்விட்டது. லிங்கனுக்குத் தெற்கே பியாட்ரிஸ் பக்கம் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவில், உழுது தேய்ந்த நிலத்தில் 1939இலிருந்து புல்லைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள், சுமார் 100 ஏக்கர். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் போங்கள். பிக் புளூஸ்டெம் என்ற புல் உங்கள் தலைக்கு மேல் நிற்கும். தண்டு நீலம் கலந்து தொடங்கி, போகப் போகச் செம்பாக மாறும். கதிர் மூன்று விரலாகப் பிரிந்திருக்கும். மேலே பார்க்கும் உயரத்துக்கு வேரும் கீழே போகிறது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

வேலந்தாவளம் பையன்:
டீச்சர் ஒன்றை விட்டுவிட்டார். லிங்கனிலேயே சங்கன் கார்டன்ஸ் இருக்குதுங்க மாமா. முன்பு குப்பை கொட்டிய பள்ளம். 1930 வாக்கில் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்துத் தோட்டமாக்கினார்கள். குளத்தில் அல்லியும் கோய் மீனும் உண்டு. சின்ன இடம், அத்தைக்குக் கால் வலிக்காது. இலவசம்தான்.

மறையூர்க்காரன்:
டீச்சர் புல்லைப் பற்றிச் சொன்னது எனக்கு உறைத்தது. எங்கள் மூணாறு மேல்மலையிலும் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துத்தான் வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தையும் யூகலிப்டஸையும் வைத்தார்கள். வரையாடு மேய்வது அந்தப் புல்லில்தானே? வாட்டில் இப்போது தானாகவே பரவுகிறது. நெப்ராஸ்காவில் புல்லைக் காப்பாற்றவே தீ வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா டீச்சர்?

சித்தூர் டீச்சர்:
உண்மைதான் தம்பி. பெரும்பாலும் வசந்தத்தில், காற்றுப் பார்த்து, ஆள் நிறுத்தி வைப்பார்கள். புல்லின் முளை மண்ணுக்குள் இருப்பதால் மேலே எரிந்தாலும் துளிர்த்துவிடும். தீ வைக்காமல் விட்ட இடத்தில் ஈஸ்டர்ன் ரெட் சீடர் என்ற மரம் ஏறி நிழல் கட்டிப் புல்லைக் கொன்றுவிடும். அதுவும் அந்த நாட்டு மரம்தான், ஆனாலும் தொந்தரவு. மரம் வைப்பதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அங்கே போன பிறகு தோன்றியது.

மரம் இல்லாத மணல்மேட்டில் காடு வரவழைத்த இடமும் அங்கே உண்டு, ஹால்ஸி. பெஸ்ஸி என்ற தாவரவியல் பேராசிரியர் விடாமல் வற்புறுத்தி, 1902இல் தொடங்கியது. நிலம்பூரில், மலபார் கலெக்டராக இருந்த கனோலி துரை காலத்தில் வைத்த தேக்குத் தோப்பைப் பார்த்தவர்களுக்கு அதையும் பார்க்கத் தோன்றும். லிங்கனிலிருந்து நாலு மணி நேரமாவது ஆகும். அண்ணியை அவ்வளவு தூரம் உட்கார வைக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
ரொம்ப நன்றிங்க டீச்சர், தம்பிகளுக்கும். ஒரு சந்தேகம். மகள் கறிவேப்பிலை நாற்று கேட்கிறாள். வரும்போது அந்த ஓக் கொட்டை நாலு எடுத்துவரலாம் என்றும் ஒரு ஆசை.

சித்தூர் டீச்சர்:
இரண்டும் வேண்டாம் அண்ணா. கறிவேப்பிலையில் ஒட்டிவரும் ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும். பச்சை இலையைக்கூட ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள், நாற்றுக்கு வழியே இல்லை. இங்கே வரும்போதும் விதைக்கு அனுமதிச் சீட்டும் நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும். ஓக் காயைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புல்வெளிக்குப் போகும்போது பேன்ட் போட்டு, அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணி ஏறும். வெட்டி விட்ட பாதையிலேயே நடங்கள். மூன்று மூன்று இலையாக நிற்கும் பாய்சன் ஐவியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ஜூலை வெயில் நம் சித்தூர் வெயிலுக்குக் குறைந்ததில்லை, காலை எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.