கேரளாவில் விழுந்த சலான் கோர்ட்டுக்குப் போய்விட்டது, நேரில் போக வேண்டுமா?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கம். காரை விற்க விலை பேசி முடித்துவிட்டேன். வாங்க வந்தவர் வண்டி நம்பரைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, கேரளாவுல ஒரு சலான் (டிராஃபிக் அபராத நோட்டீஸ்) நிக்குதே?" என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும்.

நாலு மாதம் முன்பு குருவாயூர் போனபோது, பாலக்காடு தாண்டி ஏஐ கேமராவில் விழுந்திருக்கிறது. முன் சீட்டில் பெல்ட் இல்லை. படத்தைத் திறந்தால், அம்மா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, திரும்பி உட்கார்ந்து, பின்னால் இருக்கும் பேரனிடம் முறுக்கு டப்பாவை நீட்டிக்கொண்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல முடியாது.

எஸ்எம்எஸ் ஏதும் வரவில்லை. இப்போது பணம் கட்டப் போனால் கட்டும் பட்டனே இல்லை, கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு என்று காட்டுகிறது. பாலக்காடு வரை போகணுமா? வக்கீல் வேண்டுமா?

மலைப்பாதை:
வேற ஸ்டேட்தானே, விடுங்க. நம்ம ஊர் வண்டியை அவங்க என்ன பண்ண முடியும்?

பழைய ஸ்டியரிங்:
மேலே சொன்னதைக் கேட்காதீர்கள். சலான் எந்த மாநிலத்தில் விழுந்தாலும் நம் வண்டி நம்பரோடு ஒட்டிக்கொள்ளும், பரிவாகன் (வண்டிப் பதிவு விவரம் இருக்கும் மத்திய அரசுத் தளம்) நாடு முழுக்க ஒன்றுதான். பாக்கி நின்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றம், என்ஓசி (ஆட்சேபணை இல்லை சான்று) எல்லாம் சிக்கும். விற்கப்போகிறவருக்கு இது தேவையா?

நேரில் போக வேண்டாம். வர்ச்சுவல் கோர்ட் (ஆன்லைனிலேயே வழக்கை முடிக்கும் கோர்ட்) தளத்துக்குப் போங்கள். கேரளாவுக்கு அங்கே இரண்டு பிரிவு இருக்கும், போலீஸ் ஒன்று, போக்குவரத்துத் துறை ஒன்று. ஏஐ கேமரா போக்குவரத்துத் துறையின் கீழ் வரும் மோட்டார் வாகனத் துறையுடையது, அதனால் இரண்டாவது. பலர் போலீஸ் பிரிவில் தேடிவிட்டு 'கேஸே இல்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். சலான் நம்பரோ வண்டி நம்பரோ போட்டால் வழக்கு வரும். அபராதம் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன் என்று இரண்டு வழி கேட்கும். எதிர்த்தால் வழக்கு அந்த ஊர் சாதா கோர்ட்டுக்கு மாறும், அப்புறம் நடையாய் நடக்கணும். படம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அது வேண்டாத வேலை.

பொள்ளாச்சிக்காரன்:
நன்றிங்கண்ணா. தொகை 500தானே?

பழைய ஸ்டியரிங்:
சலானாக இருந்தபோது கேரளாவில் பெல்ட்டுக்கு 500. மத்தியச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 1000. கோர்ட்டுக்குப் போன பின் தொகை மாஜிஸ்திரேட் கையில். திரையில் என்ன வருகிறதோ அதுதான்.

சாந்தி_திருப்பூர்:
ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் 'உங்கள் சலான்' என்று ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். என் மாமா தொட்டு, பேங்க் கணக்கை முடக்கும் வரை போய்விட்டது. உண்மையான தளத்தின் முகவரி ஜி-ஓ-வி டாட் இன் என்றுதான் முடியும். லிங்க்கை அழுத்தாமல் நீங்களே டைப் செய்து போங்கள்.

அப்புறம், எஸ்எம்எஸ் ஏன் வரவில்லை என்று பார்த்தீர்களா? செகண்ட் ஹேண்ட் வண்டியா?

பொள்ளாச்சிக்காரன்:
ஆமாங்க. நீங்க சொன்ன பிறகுதான் பார்த்தேன். ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்று) பெயர் என்னுடையது, மொபைல் நம்பர் மட்டும் விற்றுக் கொடுத்த புரோக்கருடையது! இரண்டு வருடமாக என் மெசேஜ் எல்லாம் அவருக்குப் போயிருக்கிறது.

சாந்தி_திருப்பூர்:
நினைத்தேன். பரிவாகனிலேயே நம்பரை மாற்றலாம். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், பதிவுத் தேதி கையில் இருக்கட்டும். இதையும் முடித்துவிட்டே வண்டியைக் கொடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன் (நாலு நாள் கழித்து):
முடிந்ததுங்க. போக்குவரத்துத் துறைப் பிரிவில் வண்டி நம்பரைப் போட்டதும் வழக்கு வந்தது, கட்டி ரசீதும் எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி சலான் பக்கத்தில் இன்னும் பாக்கி என்றே காட்டியது, வயிறு கலங்கிவிட்டது. இரண்டு நாளில் மாறியது. வாங்குபவருக்கு ரசீதை அனுப்பினேன், சனிக்கிழமை கையெழுத்துப் போட வருகிறார்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி உற்றுப் பார்த்துவிட்டு, "டப்பா மூடி எங்கே விழுந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.